ஐந்தரைக்கு வீட்டுக்கு வருகிற மனிதன்

லிண்டா சிட்னிக்கு வந்த ஏழு மாதங்களில் கணவன் டெனிஸோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டது பதினொரு தடவைதான். அவள் வேண்டுமென்று எண்ணி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே அது நடந்தது. எந்த ஞாயிறு என்ன கறி வைத்தாள் என்பது அவளுக்கு மறக்காது, அதனால் எண்ணிக்கையும் மறக்கவில்லை. மற்ற ஞாயிறுகளில் டெனிஸ் தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு போய்விடுவான். யாரோ ஒருவருக்கு வீடு மாற வேண்டும், யாரோ ஒருவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும், புதிதாக வந்த யாருக்கோ கட்டில் தேட வேண்டும்.

லிட்கம் ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில், செங்கல் கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் அவர்களுடைய வீடு இருந்தது. இரண்டு அறைகள், ஒரு சின்னக் குசினி, உடுப்புக் காயப்போட ஒரு பல்கனி. ரயில் போகும்போது குசினித் தட்டிலிருக்கும் தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். விடிய நாலரைக்கு டெனிஸ் எழும்பி, குளிரூட்டிய பண்டகசாலை ஒன்றில் போர்க்லிஃப்ற் ஓட்டப் போவான். பிற்பகல் மூன்று மணிக்கு அந்த வேலை முடியும். காருக்குள்ளேயே பாணும் சம்பலும் தின்றுவிட்டு அலுவலகங்கள் துப்பரவாக்கப் போவான். அவன் திரும்பி வரும்போது லிண்டாவும் மகள் டிலக்சியும் நித்திரையாகிவிடுவார்கள். மூடி வைத்த சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிழ்த்திருப்பதைப் பார்த்துத்தான் அவன் வந்து போனதைக் காலையில் அவள் தெரிந்துகொள்வாள்.

இலங்கையில், மன்னாருக்குப் பக்கத்துப் பேசாலையில் டெனிஸ் மீன்பிடிப் படகுகளின் இஞ்சின் திருத்துகிறவனாக இருந்தான். 2012இல் அவன் அகதியாக ஆஸ்திரேலியாவுக்குப் படகேறியபோது டிலக்சிக்கு மூன்று வயது. நிரந்தர விசா கிடைத்து, மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட்டு எடுக்கப் பதின்மூன்று வருடங்கள் சென்றன. அதுவரை தொலைபேசியில்தான் குடும்பம் நடந்தது. லிண்டா மன்னாரில் ஒரு நண்டுக் கொம்பனியில் சேர்ந்தாள். அவித்த நண்டின் சதையை ஓடு படாமல் பிரித்தெடுக்கும் வேலை. நாலாம் வருடம் அவளை நாற்பது பெண்களுக்கு மேற்பார்வையாளராக்கினார்கள். வீட்டுக் கூரை பறந்தபோதும், டிலக்சிக்கு டெங்கு வந்தபோதும், காணிச் சண்டைக்குப் பொலிசுக்குப் போகவேண்டி வந்தபோதும் அவள்தான் நின்றாள். டெனிஸ் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்பதைத் தவிர அவனால் அப்போது வேறொன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே லிண்டா சிட்னியைப் பார்த்துப் பயப்படவில்லை. வந்த இரண்டாம் மாதமே தனியாக ரயில் ஏறி, அடுத்த நிலையமான ஓபனுக்குப் போய் ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். அவளுக்கு விளங்காத விசயம் ஒன்றுதான். கடலுக்கு அப்பால் இருந்தபோது ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் கதைத்த மனிதன், ஒரே கூரைக்குக் கீழே வந்த பிறகு கிழமைக்கு ஒரு மணித்தியாலம்கூடக் கதைப்பதில்லை.

செப்டெம்பர் மாதம் யோகா வந்தாள். ஆங்கில வகுப்பில் லிண்டாவோடு படித்த ஒருத்தியின் மூத்த சகோதரி அவள். கிறிஃபித்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. சிட்னியில் கிரவீன் பக்கம் ஒரு கலியாணவீட்டுக்கு வந்தவள், லிண்டாவின் நண்டுக்கறியைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தங்கையோடு சாப்பிட வந்திருந்தாள். கிறிஃபித் எங்கே இருக்கிறது என்று லிண்டா கேட்டாள். மேற்கே காரில் ஏழு மணித்தியாலம் என்றாள் யோகா. ஒரே தோடம்பழத் தோட்டமும் திராட்சையும் நெல்லும். எல்லாம் வாய்க்கால் தண்ணீரில் விளைகிறது. இத்தாலிக்காரரும் பஞ்சாபிகளும் நிறையப் பேர். தமிழ் ஆட்கள் விரல்விட்டு எண்ணலாம்.

லிண்டா மேலும் கேட்டாள், யோகா ஒளிக்காமல் சொன்னாள். சுற்றிவர நிலமுள்ள வளவோடு வீடு எடுக்கலாம். பள்ளிக்கூடமும் வேலையும் கடையும் எல்லாம் பத்து நிமிடத்துக்குள். வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் பெரிய வருத்தம் என்றால் வேறு நகரத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்க் கடை கிடையாது. ஜனவரியில் வெயில் நாற்பத்தைந்து வரைக்கும் போகும். இலையான் மொய்த்து வாய்க்குள் போகும். கடல் என்ற பேச்சே இல்லை.

"அங்க அலுப்பு இருக்கு லிண்டா, நான் பொய் சொல்லேல்லை. ஆனால் அலுப்பு வாறதுக்கு நேரமும் இருக்கு" என்றாள் யோகா. போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். தோட்டங்களின் தண்ணீர்ப் பம்பு இஞ்சின் திருத்துகிற கராஜ்காரன் ஒருவன் இரண்டு வருடமாக ஆள் தேடுகிறான், கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு டெனிஸ் வீட்டில் சாப்பிட்டான். பன்னிரண்டாவது தடவை. லிண்டா மீன் சொதியை அவனுக்கு முன்னால் வைத்துவிட்டு விசயத்தைச் சொன்னாள். டெனிஸ் சிரித்தான். கடலில் பிறந்தவன் கடலே இல்லாத ஊருக்குப் போவதா என்று கேட்டான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் காரணங்களைச் சொல்லத் தொடங்கினான். மாதத்தில் ஒருநாள் தமிழ்ப் பூசை. தமிழ் தெரிந்த டொக்டர். பிள்ளையின் படிப்பு. அவளுக்கு இன்னும் ஆங்கிலம் வரவில்லை. தனக்கு வந்தது பண்டகசாலை ஆங்கிலம். அங்கே போய் யாரோடு கதைப்பது?

"பிறகு, சுகிர்தனை ஆர் பாக்கிறது?" என்றான் கடைசியாக.

அதுதான் முதல் காரணம் என்று லிண்டாவுக்குத் தெரியும். சுகிர்தன் முல்லைத்தீவுக்காரன், டெனிஸ் வந்த அதே படகில் வந்தவன். அப்போது பத்தொன்பது வயது. அவனுடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடு, நீதிமன்றம் என்று இழுபட்டுக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக விசாவில் இருந்தான். வீடுகளுக்குப் பெயின்ற் அடித்து வாழ்ந்தான். டெனிஸுக்கு விசா வந்த அன்று கேக் வாங்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். கேக்கை மேசையில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று உடனே போய்விட்டான். அன்றிலிருந்து டெனிஸ் துப்பரவு வேலை முடிய அவனை வாரத்தில் நாலு நாளாவது போய்ப் பார்ப்பான்.

லிண்டா வாதாடவில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று மட்டும் கேட்டாள். மூன்று நாள் லீவு எடுக்க டெனிஸ் ஒரு கிழமை யோசித்தான்.

போகிற வழியில் வயல்களில் கடுகைப் போன்ற கனோலாப் பயிர் பூத்திருந்தது. கண் எட்டும் தூரத்துக்கு மஞ்சள். டிலக்சி கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தபடியே வந்தாள். டெனிஸ் ஒரு கை ஸ்டியரிங்கில் வைத்தபடி தூங்காமல் இருக்கக் கதைத்துக்கொண்டே ஓட்டினான். பேசாலைக் கதைகள், படகுக் கதை, தடுப்பு முகாம் கதை. அவன் படகில் எட்டு நாள் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தான் என்பது லிண்டாவுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. பதின்மூன்று வருடம் தொலைபேசியில் சொல்லாததை ஏழு மணித்தியாலத்தில் சொன்னான். லிண்டா தோடம்பழம் உரித்து அவன் கையில் வைத்தாள்.

கராஜ்காரனின் பெயர் ரெனாற்றோ. அறுபது வயதிருக்கும். தகப்பன் காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த குடும்பம். தகரக் கொட்டகைக்குள் பழைய பம்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது, இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள், பிழை பிடிபடவில்லை என்று ரெனாற்றோ சொல்ல, டிலக்சி தகப்பனுக்கு அதைத் தமிழில் சொன்னாள். டெனிஸ் குந்தியிருந்து கேட்டான். எதையும் கழற்றவில்லை. இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். பிறகு ஒரு போத்தலில் தண்ணீர் கேட்டு வாங்கி, உறிஞ்சு குழாயின் மூட்டுகளில் ஒவ்வொன்றாக மெல்ல ஊற்றினான். மூன்றாவது மூட்டில் ஊற்றும்போது பம்பின் சத்தம் மாறிற்று. அந்த மூட்டைச் சுட்டிக் காட்டி, "காத்து இழுக்குது" என்றான்.

டிலக்சி மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் ரெனாற்றோ தலையாட்டினான். பிறகு கோப்பி போட்டுக் கொடுத்தான். எப்போது வேலைக்கு வருவாய் என்று கேட்டான்.

வெளியே வந்தபோது ஊர் முழுக்கத் தோடம்பூ வாசம். டெனிஸின் முகத்தை லிண்டா பார்த்தாள். கலியாணம் முடித்த புதிதில், கடலில் நின்றுபோன இஞ்சினை ஓடவைத்துவிட்டுக் கரைக்கு வருகிறவனுடைய முகம் அது. அவனுடைய கையில் பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு கிறீஸ் இருந்தது. அவன் அதைக் கழுவவில்லை.

சம்மதித்தான் என்று சொல்ல முடியாது. ஒரு வருடம் பார்ப்போம் என்றான். டிலக்சிக்கும் அவ்வளவு விருப்பம் இல்லை. சிட்னி ரயில் பாதையெல்லாம் இப்போதுதான் பாடமாக்கினனான், அதுக்குள்ள வேற ஊரா என்று கேட்டாள். லிட்கத்தில் அவளுக்கு ஒரே ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள், கொரியாக்காரி. இருவரும் ரயில் மேடையில் கட்டிப்பிடித்து அழுதார்கள். சுகிர்தன்தான் சாமான்களை லொறியில் ஏற்றினான். குளிர்சாதனப் பெட்டியைத் தனியாளாக முதுகில் வைத்து இரண்டு மாடி இறக்கினான். போய்வாருங்கள் என்று டெனிஸுக்குக் கை கொடுத்தான். தைரியமாகத்தான் தெரிந்தான்.

ஜனவரியில் வந்து இறங்கிய அன்று நாற்பத்துநாலு பாகை. வீட்டுக்கு முன்னும் பின்னும் செம்மண், பின்வளவில் ஒரு எலுமிச்சை. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதல் இரண்டு நிமிடத்துக்குக் கொதிநீர் வந்தது. பிற்பகல்களில் புழுதிக் காற்று அடித்தால், லிண்டா காயப்போட்ட வெள்ளைச் சட்டைகள் மண்ணிறமாகிவிடும். மறுபடி தோய்ப்பாள். வியாழக்கிழமைகளில் குளிரூட்டிய வான் ஒன்றில் மீன் வரும். அவள் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். மீன்காரன் முதல் தரம் கோபித்தான். மூன்றாம் கிழமை நல்ல மீனை அவளுக்கென்று ஒதுக்கி வைத்தான்.

பெப்ரவரியில் ஒரு தோடம்பழப் பொதிக் கொட்டகையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஓடும் பட்டியில் வருகிற பழங்களில் காயம் பட்டதையும் நிறம் குறைந்ததையும் தள்ளிவிட வேண்டும். நண்டுச் சதையில் ஓட்டுத் துண்டு தேடிப் பழகிய கண்ணுக்கு அது விளையாட்டாக இருந்தது. பக்கத்தில் நின்ற பஞ்சாபிப் பெண்கள் முதல் நாள் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நல்லதைத்தான் சொல்கிறார்கள் என்று லிண்டா எடுத்துக்கொண்டாள். அவர்களில் ஒருத்தி அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கினாள். பாதைகள் நேராகவும் வெறுமையாகவும் இருந்தது பழகுவதற்கு வசதியாகப் போயிற்று.

டெனிஸுக்குத்தான் கடினமாக இருந்தது. வேலையில் குறை இல்லை. ரெனாற்றோ அவனைத் தோட்டம் தோட்டமாக அனுப்பினான். எங்கே போனாலும் வேலை முடிய ஒரு பை பழமோ ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெயோ தந்து அனுப்பினார்கள். ஐந்து மணிக்குக் கராஜைப் பூட்டுவார்கள். ஐந்தரைக்கு அவன் வீட்டில் நிற்பான். நின்றுவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பான்.

முதல் கிழமை வேலியைத் திருத்தினான். இரண்டாம் கிழமை காரை மூன்று தரம் கழுவினான். பிறகு குசினிக்குள் வந்து, சொதிக்கு உப்புக் காணாது என்று சொல்லத் தொடங்கினான். டிலக்சி தகப்பனோடு ஓம், இல்லை என்ற அளவில் கதைத்தாள். தொலைபேசித் திரையில் அவள் ஒவ்வொரு நாளும் பார்த்த அப்பா வேறு. சிரிப்பார், பகிடி விடுவார், என்ன வேண்டும் என்று கேட்பார். இந்த அப்பா கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்தார். அவள் சாப்பிட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சிட்னியில் டெனிஸின் தொலைபேசி நாளுக்கு இருபது தரம் அடிக்கும். இங்கே அதை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். பூசைக்குப் போனால் பிலிப்பைன்ஸ்காரரும் இத்தாலியரும் அன்பாகத் தலையசைத்தார்கள். ஒருவருக்கும் அவனிடம் உதவி ஒன்றும் தேவைப்படவில்லை.

லிண்டா இதையெல்லாம் பார்த்தாள். போகப் போகச் சரியாகும் என்று நினைத்தாள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சுகிர்தனோடு அறையில் இருப்பவன் அழைத்தான். நீதிமன்றமும் அவனுடைய வழக்கைத் தள்ளிவிட்டது. சுகிர்தன் நாலு நாளாக வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். டெனிஸ் உடுப்புக்கூட மாற்றாமல் காரில் ஏறினான். லிண்டா ஒரு பெட்டி நிறையச் சோறும் கறியும் கட்டிக் கொடுத்தாள். மூன்று நாளில் வருகிறேன் என்றான். ரெனாற்றோவுக்கு டிலக்சிதான் அழைத்துச் சொன்னாள்.

மூன்று நாள் பத்து நாளாயிற்று. டெனிஸ் சுகிர்தனை எழுப்பிக் குளிக்க வைத்தான், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான், டொக்டரிடம் கூட்டிப் போனான், வழக்கறிஞரிடம் கூட்டிப் போனான். பழைய ஆட்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். டெனிஸ் அண்ணை வந்துவிட்டார் என்ற செய்தி லிட்கம் முழுக்கப் பரவி, தொலைபேசி மறுபடி அடிக்கத் தொடங்கியது. துப்பரவு வேலையில் அவனுக்கு மேலாளராக இருந்த சேகர், மதுரைக்காரர், தெருவில் கண்டு நிறுத்தினார்.

"உங்க இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு டெனிஸ். வர்றீங்கன்னா மாசக் கடைசிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

டெனிஸ் முடியாது என்று சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் சுகிர்தன் தானாக எழும்பித் தேத்தண்ணி ஊற்றினான். டெனிஸுக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தான். சேகரின் கதையை டெனிஸ் அப்போது அவனிடம் சொன்னான். திரும்பி வரப் போகிறேன், நீ ஒன்றுக்கும் யோசிக்காதே என்றான். சுகிர்தன் தேத்தண்ணியை ஊதினான்.

"அண்ணை, நீங்கள் இஞ்ச நிண்டாலும் எனக்கு விசா வராது" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யாது என்று சொல்வதுபோலச் சொன்னான். டெனிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுகிர்தன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீங்கள் வந்தது எனக்குக் காணும். எழும்பியிட்டன். இனி விழுந்தாலும் எழும்புவன். அக்காவும் பிள்ளையும் பதின்மூண்டு வருசம் பாத்துக்கொண்டு இருந்தவை. எனக்கு அப்பிடி ஆராவது இருந்திருந்தால் நான் லிட்கத்திலயோ நிப்பன்?"

மறுநாள் அவன் பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனான். டெனிஸ் மேற்கே காரைத் திருப்பினான்.

திரும்பி வந்த அன்று பிற்பகல் லிண்டா பின்வளவில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவன் காரிலிருந்து இறங்கி வந்து, சுகிர்தன் வேலைக்குப் போய்விட்டான் என்று சொன்னான். சேகர் சொன்னதையும் சொன்னான். லிண்டா குழாயைப் பூட்டிவிட்டு வந்து படியில் இருந்தாள். பத்து நாளும் அவள் அவனை ஒருதரம்கூட எப்போது வருவீர்கள் என்று கேட்டு அழைக்கவில்லை.

"அங்க எனக்கு ஆக்கள் இருக்கு, லிண்டா" என்றான் டெனிஸ். "ஒரு பிரச்சினையெண்டால் என்னைத்தான் தேடுவினம். இஞ்ச நான் ஆர்?"

"இஞ்ச நீங்கள் அஞ்சரைக்கு வீட்டை வாற ஒரு மனுசன். அது காணாதோ?"

லிண்டா தொடர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. நாற்பது பெண்களை வேலை வாங்கியவளுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

"போறதெண்டால் போங்கோ, நான் மறிக்கேல்லை. எனக்கு வேலை இருக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நாங்கள் இஞ்ச நிப்பம். நீங்கள் இல்லாமல் எப்பிடி இருக்கிறதெண்டு எங்களுக்குத் தெரியும். ஒண்டு மட்டும் கேக்கிறன். முந்திப் போகேக்க எங்களுக்காகப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனீங்கள். அது உண்மைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. இந்த முறை அப்பிடிச் சொல்லாதேங்கோ."

டெனிஸ் படியில் அவளுக்குக் கீழே இருந்தான். வேலிக்கு அப்பால் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவன் இதற்கு முன் கவனித்ததில்லை. ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து இருப்பது எப்படி என்று தனக்குத் தெரியவில்லை என்றான். தனக்கு மட்டும் தெரியுமா என்றாள் லிண்டா. தானும் பழகிக்கொண்டுதான் இருக்கிறாள். உப்புக் காணாது என்று அவன் சொல்லும்போதெல்லாம் அகப்பையால் அடிக்கலாமா என்று யோசிக்கிறாள். ஆனாலும் அதைச் சொல்ல ஒரு ஆள் குசினிக்குள் நிற்கிறான்.

அன்றைக்கு அவன் ஒரு முடிவும் சொல்லவில்லை. மறுநாள் கராஜுக்குப் போனான். பத்து நாள் வராததற்கு ரெனாற்றோ கொஞ்சம் ஏசினான், பிறகு ஐந்து பம்புகளைக் காட்டினான். டெனிஸ் கதிரையில் இருந்து நிலத்தைப் பார்ப்பதைக் குறைத்தான். வெங்காயம் உரிக்க வந்து நின்றான். டிலக்சிக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் பார்த்து, அவளுடைய கணக்கு தன்னுடையதைவிடப் பல வகுப்பு மேலே போய்விட்டதைக் கண்டு வெட்கப்பட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனாலும் மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. சேகருக்கு அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. லிண்டா கேட்கவும் இல்லை.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்க, காலை பதினொரு மணிபோல், டெனிஸ் ஒரு பம்பின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். ஒரு பெண் வேகமான ஆங்கிலத்தில் கதைத்தாள். டிலக்சி என்ற பெயர் விளங்கிற்று. கை என்றதும், இரத்தம் என்றதும் விளங்கின. பொதிக் கொட்டகையில் பட்டி ஓடுகிற இரைச்சலில் லிண்டாவுக்குத் தொலைபேசி கேட்டிருக்காது, ஆகவே பள்ளிக்கூடம் இரண்டாவது பெயரை அழைத்திருந்தது. டெனிஸ் ரெனாற்றோவிடம் சொல்லவும் நிற்கவில்லை. கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு காரில் பாய்ந்தான்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். முழங்கைக்கு மேலும் எண்ணெய், முகத்தில் கறுப்புக் கோடு, சப்பாத்தில் செம்மண்.

"ஃபாதர்" என்றான் டெனிஸ். மூச்சு வாங்கியது. "டிலக்சி ஃபாதர்."

அவள் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஒரு கதிரையில் டிலக்சி இடக்கையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வெளிறிப்போய் இருந்தாள். சமையல் வகுப்பில் பூசணிக்காய் வெட்டும்போது கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியை ஆழமான வெட்டு, தையல் வேண்டும் என்று மெதுவாக, அவனுக்கு விளங்கும்படி சொன்னாள். டெனிஸ் மகளுக்கு முன்னால் குந்தினான். துவாயைத் திறந்து பார்த்தான். விரல் ஐந்தையும் ஒவ்வொன்றாக மடக்கு, நீட்டு என்றான். மடக்கினாள், நீட்டினாள்.

"ஒண்டுமில்லை. வா" என்றான்.

அவள் எழும்பினாள். அவன் தோளில் அணைத்துப் பிடித்தான். அவளுடைய மூன்று வயதில், விமான நிலையம் போகிறேன் என்று பொய் சொல்லிப் படகுக்குப் புறப்பட்ட நாளுக்குப் பிறகு, அவன் அவளை அப்படி அணைத்துப் பிடித்தது அன்றைக்குத்தான். அவளுடைய வெள்ளைச் சட்டையில் எண்ணெய் அப்பியது. அவள் விலகவில்லை.

வைத்தியசாலையில் பெயரைக் கொடுத்துவிட்டு இருவரும் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தார்கள். டெனிஸ் லிண்டாவுக்கு ஒரு செய்தி அனுப்பினான். பயப்படாதே, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று எழுதினான். பிறகு சேகரின் பெயரைத் தேடி எடுத்து, தான் வரவில்லை, அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

டிலக்சி துவாய் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா போன் எடுக்கேல்லை. அரை மணித்தியாலமாவது செல்லும் எண்டு நினைச்சனான்" என்றாள். "நீங்கள் கெதியா வந்திட்டீங்கள், அப்பா."

"கிட்டத்தானே, பிள்ளை" என்றான் டெனிஸ்.

தாதி வந்து பெயரைக் கூப்பிட்டாள். இருவரும் எழும்பினார்கள்.